கூடைக்கு எத்தனை மண்? – பஞ்ச வேலையிலிருந்து நூறு நாள் வேலை வரை

1

எங்க அப்பத்தா சாகிற வரைக்கும் நூறு நாள் வேலையைப் 'பஞ்ச வேலை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் நாடு முழுக்க 200 மாவட்டங்களில் அமலுக்கு வந்தபோது தமிழகத்தில் முதல் கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டவை ஆறு மாவட்டங்கள். அதில் திண்டுக்கல்லும் ஒன்று. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் இருக்கிற எங்க ஊர்ச் சேரியிலிருந்து மம்பட்டியும் தட்டுமாகக் கிளம்பிய முதல் கூட்டத்தில் எங்க அம்மா இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டது:

"ஏத்தா, பஞ்ச வேலைக்கா போற? கஞ்சி ஊத்துறானா, காசு குடுக்குறானா?"

"காசுதான் அத்தை. எம்பது ரூவாயாம்."

"எம்பது ரூவாயா? அம்புட்டும் ஓங் கைக்கு வருமா? கூடைக்கு எத்தன மண்ணு போடச் சொல்றான்?"

நான் அப்போது மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கிழவிக்கு விவரம் தெரியவில்லை, எந்தக் காலத்துப் பஞ்சத்தையோ பேசுகிறது என்று சிரித்தேன். பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். முல்லையும் பாலையும் படித்தேன். 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து' பாலையாகும் என்று பாடம் எடுத்த யாரும், அந்தப் பாலையில் கப்பிக்கல் உடைத்தவர்கள் யார் என்று சொல்லித் தரவில்லை. இயக்க வேலைக்கு வந்து, நூறு நாள் வேலைத் தளங்களில் கூலிப் பாக்கிக்காக மனு எழுதிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் அப்பத்தாவின் கேள்வி எனக்கு உறைத்தது. கஞ்சியா காசா, முழுக்கூலி கைக்கு வருமா, கூடைக்கு எத்தனை மண் – அரசாங்கம் ஏழைக்கு வேலை கொடுத்த வரலாறு முழுவதும் இந்த மூன்று கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதை அப்பத்தா ஏட்டில் படிக்கவில்லை. தாது வருஷத்தில் சின்னப் பிள்ளையாக இருந்த தன்னுடைய அப்பத்தாவிடம் கேட்டிருந்தது.

2

தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்வது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மட்டும் செத்தவர்கள் சுமார் 35 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை மட்டும் ஆளைக் கொல்லாது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். தண்டவாளம் வந்துவிட்டால் பஞ்சம் வராது, தானியம் இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போய்விடும் என்று சொன்னார்கள். தானியம் போனது. பசி இருந்த இடத்துக்கல்ல, விலை இருந்த இடத்துக்குப் போனது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தபோது, நம் மாகாணத்தில் ஜனங்கள் சாலையோரம் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஜனவரியில் செலவைக் குறைக்கச் சொல்லி சென்னைக்கு அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். இவர் கதை கவனத்திற்குரியது. 1874இல் பீகார்ப் பஞ்சத்தில் இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துக் கொடுத்தார். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்காக அவரைப் பாராட்டவில்லை. பணத்தை அள்ளி இறைத்தார் என்று ஏசினார்கள். அந்த ஏச்சைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த இடம் நம் மாகாணம். பஞ்ச வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் கம்மி. 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பெயரே விழுந்தது. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வெட்டுகிறவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லாவிட்டால் அவன் மெல்லச் சாவான் என்று கணக்குப் போட்டு எழுதினார். இருவரும் பவுண்டிலும் அவுன்ஸிலும் சண்டை போட்டார்கள். சில மாதம் கழித்துக் கூலி ஓரளவு உயர்ந்தது. அதற்குள் போனது போனதுதான்.

இந்தச் சண்டையில் ஒரே ஒரு தரப்பின் குரல் இல்லை. கல் உடைத்தவரைக் கூப்பிட்டு, 'உனக்கு எவ்வளவு சோறு வேண்டும்?' என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் வாய்மூடிக் கிடந்தவர்கள் அல்ல. கூலியைக் குறைத்தபோது பம்பாய் மாகாணத்தில் கூட்டம் கூட்டமாகப் பஞ்ச முகாம்களை விட்டு வெளியேறினார்கள். பட்டினி கிடந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. நம் தொழிலாளர் இயக்க வரலாறுகள் ஆலை வாசலிலிருந்து தொடங்குகின்றன. பஞ்ச முகாமிலிருந்தும் தொடங்கலாம்.

பஞ்ச வேலையில் என்ன கட்டினார்கள்? சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் 1877-78இல் பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டது. அந்தக் கால்வாய் வழி முழுவதற்கும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. உள்நாட்டில் பெரும்பாலும் ரோடு போடுவதும் கப்பிக்கல் உடைப்பதும் குளம் தோண்டுவதும்தான். இன்றைக்கு நாம் பஸ்ஸில் போகிற பழைய ரோடுகள் பலவற்றுக்கு அடியில் அந்தக் கல் கிடக்கிறது.

பஞ்சத்திலும் சாதி பட்டினி கிடக்கவில்லை. கஞ்சித்தொட்டியில் யார் சமைப்பது, யார் கையால் வாங்குவது என்பதை அரசாங்கமே ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. பிறர் தொடத் தயங்காத சாதியிலிருந்து சமையல்காரரை அமர்த்தினார்கள். வெளியே வராத 'கௌரவமான' வீட்டுப் பெண்களுக்கு வீட்டிலேயே உதவி கிடைக்க வழி வைத்தார்கள். சேரிப் பெண்ணுக்குக் கௌரவம் இருக்கும் என்ற நினைப்பு எந்த விதியிலும் இல்லை. அவள் கல் உடைத்தால்தான் கஞ்சி.

பஞ்சம் முடிந்தபின் கமிஷன் போட்டார்கள். 1880இல் அறிக்கை வந்தது. 1883இல் சென்னை மாகாணத்துக்குப் பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது. அன்றைய உலகத்தில் பஞ்சத்தை எதிர்கொள்ள எழுதி வைத்த முதல் விதிமுறைகளில் ஒன்று இது என்பதையும், பின்னால் உயிர்களைக் காத்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் உயிர்நாடி என்ன? வேலை கேட்டு வருகிறவன் உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதிக்க வேண்டும். டெம்பிள் காலத்தில் அந்தச் சோதனை தூரம். வீட்டிலிருந்து 10 மைலுக்கு உள்ளே வேலை இல்லை. இன்னொரு சோதனை அளவு. இத்தனை கன அடி மண், இத்தனை கல், குறைந்தால் கூலி குறையும். மூன்றாவது, கூலி உயிர் தரித்திருக்க மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். தனியாரிடம் வேலை கிடைக்கக்கூடியவர்களைச் சர்க்கார் வேலை இழுத்துவிடக் கூடாது. தனியார் என்று அவர்கள் எழுதியது நம் ஊரில் யாரை? மிராசுதாரரை, பண்ணைக்காரரை. சர்க்கார் கூலி பண்ணைக் கூலியைத் தொடக் கூடாது என்பதே அதன் பொருள். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

3

அந்தப் பஞ்சத்திற்குக் கலையும் இருந்தது. அதில் யாருடைய காசு, யாருடைய கண் என்று பார்க்க வேண்டும். வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' பாடினார். பஞ்சத்தில் அடிபட்டவர்களின் முறையீட்டைக் கேட்டு மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதுவதாக ஒரு நையாண்டிக் கற்பனை. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் அந்தப் புலமையை நான் ரசிக்கிறேன். ஆனால் கடவுளும் கடைசியில் ஜமீன்தாரிடம்தான் கையேந்த வேண்டியிருக்கிறது. சிறு பிரசுரங்களாக அச்சடித்து விற்ற பஞ்சக் கும்மிகளும் உண்டு. அவற்றில் தானிய விலை உண்டு, விற்ற தாலி உண்டு, கண்ணீர் உண்டு. சேரி மட்டும் பெரும்பாலும் ஓரத்தில்தான் வரும்.

இன்னொன்று போட்டோ. ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் புத்தகங்களில் வருகின்றன. படம் எடுத்தவர் பெயர் தெரியும். படத்தில் இருப்பவர் ஒருவரின் பெயரும் தெரியாது. இதுவே நமக்குக் கிடைத்த பதிவு.

பஞ்சம் காட்டிய வழியில் பெரியாறு அணை வந்தது. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. மேற்கே பாய்ந்த தண்ணீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பினார்கள். நிலக்கோட்டைப் பக்கம் பேரணையில் தடுத்துக் கால்வாயில் விட்டார்கள். காட்டுக் காய்ச்சலில் கூலிகள் செத்தார்கள். பென்னிகுவிக்கை இன்று படம் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த நன்றியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கால்வாய்த் தண்ணீர் நிலத்துக்குத்தான் பாயும், ஆளுக்குப் பாயாது. நிலம் இருந்தவனுக்கு இருபோகம் வந்தது. நிலம் இல்லாதவனுக்கு இரண்டு நடவு, இரண்டு அறுப்புக் கூலி வந்தது. மடை திறந்து நீர் பாய்ச்சுகிறவன் பல ஊர்களில் நம்மாள். அவன் கால் நனைந்தது, வயல் அவனுடையதல்ல. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து அறிக்கை எழுதி, 1892இல் நமக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வந்ததும் இதே காலத்தில்தான். அந்த நிலம் பின்னால் யார் கைக்குப் போனது என்பது தனிக் கட்டுரைக்குரியது.

4

இனி 1930களுக்கு வருவோம். 1929இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. அது விழுந்த சத்தம் நம் குப்பைமேட்டு வரைக்கும் கேட்டது. சென்னை மாகாணத்தில் நெல் விலை நான்கைந்து வருஷத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. மலேயாவில் ரப்பர் விலை விழுந்ததும், நம் சனங்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1930க்குப் பிறகு ஓரிரு வருஷங்களில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்து இறங்கினார்கள். பஞ்சத்துக்குப் பயந்து கங்காணி பின்னால் போனவர்களின் பிள்ளைகள், வேலையில்லாமல் அதே சேரிக்குத் திரும்பினார்கள். அப்பத்தா சொல்லும்: "மலாய்க்குப் போனவுக பெட்டியோட வருவாகன்னு பாத்தா, வெறுங்கையோட வந்து எங்க குடிசையில படுத்துக்கிட்டாக. ஒரு ஒலையில எத்தன வயித்துக்கு வடிக்கிறது?"

இந்த நெருக்கடி பஞ்சச் சட்டத்தின் கண்ணுக்குப் பஞ்சமாகவே தெரியாது. தானியம் மலிவாகக் கிடக்கிறதே! வாங்கக் கையில் காசு இல்லை என்பது அந்தச் சட்டத்தில் ஒரு நோயல்ல. அரசாங்கம் செலவைச் சுருக்கியது. மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது 1925லேயே தொடங்கிய வேலை. 1934இல் திறந்து கவர்னர் ஸ்டான்லி பெயரை வைத்தார்கள். வேலையில்லாதவனுக்காகக் கட்டியதல்ல, டெல்டா வயலுக்காகக் கட்டியது. 1935இல் இந்தியா முழுமைக்குமாகக் கிராம முன்னேற்றத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கடன்பட்டவர்களைக் காக்க ராஜாஜி மந்திரிசபை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அதில் விவசாயி யார்? விற்கத்தக்க நில உரிமை உள்ளவன். உழுதவன், நட்டவள், அறுத்தவள் அந்தச் சட்டத்தில் விவசாயி அல்ல.

நமக்கென்று வந்தது லேபர் டிபார்ட்மெண்டுதான். 1920 வாக்கில் தொழிலாளர் கமிஷனரைத் தாழ்த்தப்பட்டோருக்கும் பொறுப்பாக்கினார்கள். வீட்டுமனை, கிணறு, 'லேபர் ஸ்கூல்' வந்தன. பொது ரோட்டிலும் கிணற்றிலும் குளத்திலும் நமக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. அந்த ரோட்டுக்குக் கல் உடைத்தது நாம். அந்தக் குளத்துக்கு மண் சுமந்தது நாம். அதில் நடக்கவும் தண்ணீர் மொள்ளவும் நமக்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது.

அதே வருஷங்களில் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசாங்கம் வேறு ஒன்று செய்தது. 1935இல் வேலை கொடுப்பதற்கென்று 480 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. டபிள்யூ.பி.ஏ. என்ற அமைப்பின் மூலம் 1943 வரை மொத்தம் 85 லட்சம் பேர் வேலை செய்தார்கள். ரோடு, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா கட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. வேலையிழந்த ஓவியன், நடிகன், பாடகன், எழுத்தாளன் இவர்களுக்கும் வயிறு உண்டு, இவர்கள் செய்வதும் வேலை என்று கூலி கொடுத்தார்கள். கறுப்பினக் கலைஞர்களுக்கென்று நாடகக் குழுக்கள் இருந்தன. 1936இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பு நடிகர்களே நடித்த மேக்பெத் நாடகம் அரங்கேறியது. ஜோரா நீல் ஹர்ஸ்டன், ரிச்சர்டு ரைட் போன்ற கறுப்பு எழுத்தாளர்கள் அரசாங்கச் சம்பளத்தில் எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. 1936 முதல் 1938 வரை எழுத்தாளர் திட்டத்தின் ஆட்கள் 17 மாநிலங்களில் வீடு வீடாகப் போய், அடிமையாகப் பிறந்து அப்போது உயிரோடிருந்த கிழவன் கிழவிகளைப் பார்த்து, 2,300க்கும் மேற்பட்டவர்களின் கதையைக் கேட்டு எழுதினார்கள். என்ன சாப்பிட்டாய், யார் அடித்தார்கள், எப்படி விற்றார்கள், என்ன பாட்டுப் பாடினாய்? அந்த ஏடுகள் இன்றும் வாஷிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. அதில் ஓட்டை இல்லாமல் இல்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். கிழவிகள் பயந்து பயந்து பேசினார்கள். பழைய எஜமானின் வம்சம் அதே ஊரில் இருக்கும்போது எதைச் சொல்ல முடியும்? எங்க அப்பத்தாவும் ஊர்த்தெரு ஆள் நடமாட்டம் இருந்தால் குரலைத் தாழ்த்திவிடும். ஆனாலும் பெயரோடு, வயதோடு, அவர்கள் வாய்ச்சொல்லோடு பதிவு இருக்கிறது. தாது வருஷத்தில் கல் உடைத்தவர்களிடம் கேட்டெழுதிய அப்படி ஒரு தொகுப்பு நம்மிடம் இல்லை.

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்து ஆட நான் இதைச் சொல்லவில்லை. 1935இல் அங்கே வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பின மக்களில் பெரும்பகுதி செய்தது அந்த இரண்டு வேலையைத்தான். தென் மாநிலங்களில் பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் சர்க்கார் வேலையிலிருந்து ஆட்களை விடுவித்துவிடுவார்கள். போய் வெள்ளை முதலாளியின் காட்டில், அவர் கொடுக்கிற கூலிக்குப் பருத்தி எடு! கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரி கடல் தாண்டியும் அதே வரிதான். நாடகத் திட்டத்தை 1939இல் அவர்களின் நாடாளுமன்றமே பணத்தை நிறுத்தி மூடியது. ஏழைக்குச் சோறு போட்டாலும் பொறுப்பார்கள், மேடை போட்டால் பொறுக்க மாட்டார்கள்.

5

இந்த இரண்டு உலகத்தையும் அறிந்த ஒருவர் நமக்கு இருந்தார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் படித்த அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். ரூஸ்வெல்ட் காலத்து டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை மாதிரியாக வைத்துத் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவானது அவருடைய துறையில். அந்த டென்னசித் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் வூர்டுயின்தான் தாமோதருக்கும் முதல் வரைவு எழுதினார். ஆனால் அம்பேத்கர் அணையோடு நிற்கவில்லை. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் நிலத்தை அரசு எடுத்து, சாதி மத பேதமின்றி ஊராருக்குக் கூட்டுப்பண்ணையாகக் கொடுக்க வேண்டும், நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது என்றார். வேலை கொடுப்பது ஒரு படி. யாருடைய நிலம் என்று கேட்பது அடுத்த படி. சுதந்திர இந்தியா அணையை எடுத்துக்கொண்டது, நிலத்தை விட்டுவிட்டது.

6

அரசாங்கம் நம் கலைக்குக் காசு கொடுத்ததே இல்லையா? கொடுத்தது. தண்டோராவுக்குக் கொடுத்தது. எங்க தாத்தா அந்த வேலை பார்த்தவர். வரி கட்டச் சொல்லி, ஏலம் சொல்லி, அம்மை ஊசி சொல்லி ஊரெல்லாம் தப்படித்துச் சாற்றுவார். ஊர்த்தெருவுக்குள் செருப்பில்லாமல் போக வேண்டும். சொல்லப் போன சேதி சர்க்காருடையது. இடுப்பில் கட்டிய துண்டு சாதியுடையது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரைக்கும் அரசாங்கம் எங்கள் தப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

இதே திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் 1977இல் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு நாடகப் பட்டறை நடந்தது. தமிழ் நவீன நாடகத்துக்கு அது ஒரு தொடக்கம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். அதன்பிறகு தப்பாட்டமும் கூத்தும் நவீன மேடைக்குப் போயின. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணம் ஊர் ஊராக வந்தது. அரசாங்கத் திட்டத்தில் நம் பிள்ளைகள் சம்பளமில்லாத தொண்டர்களாக ஆடிப் பாடினார்கள். எங்க அம்மா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அதை நான் மறக்க மாட்டேன். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியமும் வந்தது. ஆனால் சாவுக்கு அடித்துக்கொண்டிருந்த தப்பை மானத்தோடு அடிக்கலாம் என்று காட்டியது எந்த அரசுத் திட்டமுமல்ல. சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு சேரிப் பெண்பிள்ளைகள் தோளில் தப்பை மாட்டியது. ஆண்கள் மட்டும் அடித்த தோற்கருவியைப் பொண்ணுக அடிக்கிறதா என்று ஊர்த்தெரு மட்டுமல்ல, சேரியும் வாயைப் பிளந்தது. முதல்முறை பார்த்தபோது அப்பத்தா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒங்க தாத்தன் இதப் பாத்திருக்கணும்டா" என்றது.

7

திரும்பவும் நூறு நாள் வேலைக்கு வருகிறேன். இதற்கு முன்னோடி, 1972 வறட்சியின்போது மகாராஷ்டிராவில் பிறந்த வேலை உறுதித் திட்டம். 2005 சட்டம் பஞ்சச் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டியது. பஞ்சம் வந்தால்தான் என்பதில்லை, கேட்டால் வேலை. பத்து மைல் நடக்க வேண்டியதில்லை, ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 15 நாளில் வேலை தராவிட்டால் படி. தமிழகத்தில் தொடக்கத்திலிருந்தே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல்.

80 ரூபாய் பெரிய காசா என்று கேட்கலாம். அன்றைக்கு எங்க ஊரில் களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு அதில் பாதிகூட இல்லை. நூறு நாள் வேலை வந்த பிறகு, விடிகாலையில் சேரி முனையில் வந்து நின்று 'வாங்க புள்ளைகளா' என்று அதட்டியவர்கள், 'வாறீகளாம்மா' என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தைப் புள்ளிவிவரத்தில் பார்க்க முடியாது. 'ஆள் கிடைக்கலை, சோம்பேறி ஆக்கிட்டாங்க' என்ற புலம்பல் டீக்கடையிலிருந்து பத்திரிகை வரைக்கும் எழுந்தது அதனால்தான். சர்க்கார் கூலி பண்ணைக் கூலியைத் தொட்டுவிட்டது.

குறை இல்லாத சொர்க்கம் அல்ல அது. சேரியாளுக்குத் தனிக் குழி, ஊராளுக்குத் தனிக் குழி. தண்ணீர்க் குடம் தனி. ஒரு வேலைத்தளத்தில், குழி அளவு குறைகிறது என்று எங்க அம்மா உள்ளிட்ட பெண்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். நடுவில் அளவுக்காக விட்டிருந்த மண்திட்டை நான் டேப் பிடித்து அளந்து காட்டியபோது, "படிச்ச திமிரு" என்றார்கள். என்.எம்.ஆர். தாளில் விடுபட்ட கையெழுத்துகளை வாங்கிக் கொடுக்க மூன்று மாதம் அலைந்தோம். கூடைக்கு எத்தனை மண் என்ற அப்பத்தாவின் கேள்வி கன மீட்டராக மாறியிருந்தது, அவ்வளவுதான். 2021இல் ஒன்றிய அரசு கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னது. ஒரே குழியில் வேலை பார்த்தவர்களில் ஒருவருக்குக் காசு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. 'ஒங்களுக்கு மட்டும் சர்க்காரு முந்திக் குடுக்குது' என்று ஊர்த்தெருப் பெண்கள் முறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த முறை கைவிடப்பட்டது.

2025-26இல் தமிழகத்துக்குக் கூலி 336 ரூபாய். அந்த வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றம் 2005 சட்டத்தின் இடத்தில் வேறு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிறது என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். கூலியில் பெரும்பாலான மாநிலங்கள் 40 விழுக்காடு போட வேண்டும் என்பதைச் சிலர் எழுதினார்கள். இன்னொரு விதி இருக்கிறது. விதைப்பும் அறுப்புமான பருவத்தில், வருஷத்துக்கு மொத்தம் 60 நாள், இந்த வேலை நடக்காது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

1880இல் கமிஷன் எழுதியது இதுதான். மிசிசிப்பியில் பருத்திப் பருவத்தில் செய்தது இதுதான். களைக்கும் அறுப்புக்கும் கூலி பேசுகிற பலம் ஒரு கூலிக்காரிக்கு எப்போது இருக்கும்? வேலை நெருக்கடியான அந்த 60 நாளில்தான். அந்த 60 நாளில் அவளுக்கு இருந்த இன்னொரு வழியை அடைத்துவிட்டு, மீதி நாளில் கூடுதலாக 25 நாள் தருகிறேன் என்றால், கணக்கு யாருக்குச் சாதகம்? சிறு விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும். அவனுக்கு விளைபொருள் விலை கொடுங்கள். அவன் நஷ்டத்தை எங்க அம்மாவின் கூலியில் கழிக்காதீர்கள்.

8

தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2006இல் எங்க ஊரில் முதல் நாள் வேலைக்குப் போன 42 பெண்களில் பலர் இன்று இல்லை. இருக்கிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. எந்தக் குளத்தில் எத்தனை நாள் வெட்டினார்கள், எவ்வளவு கூலி பாக்கி, யார் ஏசினார்கள், அந்தக் காசில் முதலில் என்ன வாங்கினார்கள் என்பது அவர்கள் வாயில் மட்டும் இருக்கிறது. சம்பளம் கொடுத்து இதை எழுத எந்த அரசாங்கமும் ஆளனுப்பப் போவதில்லை. ஆகவே சேரிக்கு ஒருவர், நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. பெயர், வயது, வேலை பார்த்த குளம், கூலி, பேச்சு. அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள். நான் எங்க அம்மாவிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். முதல் கூலியில் என்ன வாங்கினாய் என்று கேட்டேன். எனக்குப் பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணம் போக மிச்சத்தில் அப்பத்தாவுக்கு ஒரு வெத்திலைப் பொட்டலம் என்றது. அது எனக்குத் தெரியாது. கேட்டபிறகுதான் தெரிந்தது.